வாய்க்கணக்கு

நாற்பது ஹெர்ட்ஸ் என்பது
எட்டரை மீட்டர் நீளமுள்ள ஒரு மிருகம்.
கடலூர் முதுநகரில் என் பட்டறை
மூலைக்கு மூலை அளந்தாலும் ஆறு.
ஆகவே மடித்தேன்.

பதினெட்டு மில்லி மெரைன் பிளைவுட்.
தொண்டையில் தொடங்கி
பின்சுவரில் முட்டித் திரும்பி
மேலேறி மறுபடி திரும்பி
வாய்க்கு வர ஏழடி.
வழி நெடுக
ஒன்றரை அடிக்கு ஒருமுறை
பரப்பு இரட்டிப்பாக வேண்டும்.
இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
இம்பீரியல் ரோடு ஃபைனான்ஸில்
எண்பதாயிரம் வாங்கியவனுக்கு
கூட்டு வட்டி தூக்கத்திலும் ஓடும்.

தொண்டையை அதிகம் இறுக்கினால் கோன் கிழியும்.
முதல் பெட்டியில் இறுக்கினேன், கிழிந்தது.
நாலாயிரத்து ஐநூறு.
வீட்டில் மூவாயிரம் என்றேன்.

வாய்தான் பெரிய சிக்கல்.
நாற்பதுக்கு ஏற்ற வாய் வைத்தால்
அது என் மினி வேனையே விழுங்கும்.
அதனால் நாலு பெட்டி.
தள்ளித் தள்ளி வைத்தால் நாலும் முனகும்.
இரண்டின் மேல் இரண்டாக ஒட்டி அடுக்கினால்
நாலு சின்ன வாயும்
தங்களை ஒரே வாய் என்று நம்பிவிடும்.
காற்றும் நம்பிவிடும்.

மேல்சத்தத்துக்கான கொம்பை
பிச்சாண்டியின் படகு ஷெட்டில் வார்த்தோம்.
மெழுகு தடவிய அச்சு, ஃபைபர் மேட், ரெசின் நாற்றம்.
"இது எந்தப் பக்கம் மிதக்கும்?" என்றான்.
எந்தப் பக்கம் போகாது என்பதுதான் கேள்வி என்றேன்.

ஏனென்றால்
தேவனாம்பட்டினத்தில் மேடைக்குப் பின்னால்
ஒரு பிரசவ ஆஸ்பத்திரி.
போன செடலுக்கு, நடுராத்திரி,
நர்ஸ் ரெஜினா செருப்பில்லாமல் வந்து
மெயின் பிளக்கைப் பிடுங்கிப்போனாள்.
பிடுங்கியது சரி.
அதைச் சொல்ல எனக்கு
ஒரு வருஷமும் நாலு பெட்டியும் ஆனது.

இந்தச் செடல் ராத்திரி
எல்லோரும் முன்னால் நின்று
எவ்வளவு தூரம் போகுது என்று பார்த்தார்கள்.
நான் ஃபோனில் மீட்டரைப் போட்டு
பின்பக்கம் நடந்தேன்.
மேடை முன் நூற்று நான்கு.
தண்ணீர்த்தொட்டி அருகே எழுபத்தொன்று.
பேச்சு வரவில்லை, நாதஸ்வரம் வரவில்லை.
மேல்சத்தம் சொன்னால் கேட்கும்.
பேஸ் கேட்காது,
அதற்கு முதுகே கிடையாது.

ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தேன்.
ட்ட்ட்ட் என்றது.
உள்ளிருந்து ரெஜினாவும்
அதே கண்ணாடியில் கை வைத்தாள்.
ஜன்னலைத் திறக்கவில்லை.
இரண்டு விரலைக் கீழ்நோக்கி அசைத்தாள்.
ஆறு டெசிபல் குறைத்தேன்.
அடுக்கைக் கொஞ்சம் கிழக்கே திருப்பினேன்,
கடல் யாரிடமும் புகார் கொடுக்காது என்று.

பதினொரு மணிக்கு எலுமிச்சை ஏலம்.
ஐயாயிரம், ஆறு, ஏழு.
என் ஃபோன் அடித்தது. கன்னியப்பன்.
"ஏழாயிரமா சொன்னாங்க?"
எங்கே இருக்கிறாய் என்றேன்.
"ரெண்டு மைல் வெளியே."

செடல் முடியும்வரை வலை இறக்கக்கூடாது,
ஊர்க் கட்டு.
மீறினால் அபராதமும் கோயில் வாசலில் மன்னிப்பும்.
"தெளிவா கேக்குதுடா.
மூச்சு வாங்குறதுகூட கேக்குது.
எட்டு போடு.
என் பேரைச் சொல்லிடாதே."

கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவனுக்கு.

மைக்கை வாங்கி எட்டாயிரம் என்றேன்.
ஊரே திரும்பி என்னைப் பார்த்தது.
எனக்கு மூன்று பிள்ளைகள்,
எல்லோருக்கும் தெரியும்.
பிச்சாண்டி மட்டும்
தன் கொம்பைப் பார்த்தான், கடலைப் பார்த்தான்,
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

காசு இன்னும் வரவில்லை.
பழம் போய்விட்டது, விடியுமுன்,
ஐஸ் பெட்டியில் மீனுக்கு மேலே.

பலித்தால்
அடுத்த செடலுக்கு அந்தக் கண்ணாடிக்கு உள்ளே
அவன் பெண்டாட்டி படுத்திருப்பாள்.
இன்னும் ஆறு டெசிபல் எங்கே போய்க் குறைப்பது?

நாலில் ஒன்றைப் பின்னோக்கித் திருப்பி
பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்து
சில மில்லி நொடி தாமதித்தால்
பின்சத்தம் சாகும் என்கிறது கணக்கு.
பெட்டியைத் திருப்பிவிட்டேன்.
எத்தனை நொடி என்றுதான்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.